என்ஜினுக்குள் சூறாவளி!

குழந்தைகளே! சைக்கிளுக்குக் காற்றடித்து முடித்ததும் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டுப் பார்த்திருக்கிறீர்களா? சுடும். காற்றை அமுக்கினால் அது சூடாகும். பெட்ரோல் என்ஜினுக்கு இந்த அமுக்கம்தான் பலம். அளவு மீறினால் அதுவே எமன். எங்கே நிறுத்த வேண்டும் என்று தேடியே வாழ்ந்தவர் ஹாரி ரிக்கார்டோ.

1885-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள் லண்டனில் பிறந்தார். அப்பா ஹால்சி ரிக்கார்டோ கட்டடக்கலை வல்லுநர். நம் நாட்டின் ஹவுரா ரயில் நிலையத்தை வடிவமைத்தவர் அவர்தான்!

ஹாரி கேம்பிரிட்ஜில் படித்தபோது, 1904-இல் மாணவர்களுக்கு ஒரு போட்டி. ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமான பெட்ரோலில் யார் வெகுதூரம் போகிறார்கள் என்று பார்ப்பார்கள். ஹாரியின் மோட்டார் சைக்கிள்தான் எல்லாவற்றிலும் கனமானது. ஆனாலும் 64 கிலோமீட்டர் ஓடி அதுவே வென்றது. பேராசிரியர் ஹாப்கின்சன் அவரை என்ஜின் ஆராய்ச்சிக்கு இழுத்துக்கொண்டார்.

அந்த நாளில் அமுக்கத்தைக் கூட்டினால் என்ஜின் 'டக் டக்' என்று அடித்துக்கொள்ளும். பிஸ்டன் உடைந்தும் போகும். தீ முன்கூட்டியே பற்றிவிடுகிறது என்றுதான் பலரும் நினைத்தார்கள். ஹாரி ஒப்புக்கொள்ளவில்லை. ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ பரவிக்கொண்டிருக்கும்போது, மூலையில் எரியாமல் கிடக்கும் கலவை நசுங்கிச் சூடாகி, தானாக ஒரே நொடியில் வெடிக்கிறது. அதுதான் அந்தச் சத்தம் என்றார்.

முதல் உலகப்போரின்போது பிரிட்டிஷ் டாங்கிகளுக்கு 150 குதிரைத்திறன் என்ஜின் செய்து கொடுத்தார். நல்ல பெட்ரோல் விமானங்களுக்குப் போய்விட்டதால், மட்டமான எரிபொருளில் அது ஓட வேண்டியிருந்தது. புகையும் வரக்கூடாது, வந்தால் எதிரி கண்டுபிடித்துவிடுவான்!

போர் முடிந்ததும் ஓர் அதிசய என்ஜினைக் கட்டினார். ஓடும்போதே அதன் அமுக்கத்தைக் கூட்டலாம், குறைக்கலாம். எந்த எரிபொருள் எவ்வளவு தாங்கும் என்று அதில் ஒவ்வொன்றாகச் சோதித்தார். ஆக்டேன் எண் வருவதற்கு முந்தைய காலம் அது.

அடுத்து சிலிண்டரின் மூடிக்கு வந்தார். மெக்கானிக்குகள் 'ஹெட்' என்பார்களே, அதுதான். அக்காலக் கார்கள் பலவற்றில் வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்தில் இருந்தன. அதனால் மூடிக்கு அடியில் அகன்ற, தட்டையான இடம். தீ கடைசி மூலைக்குப் போய்ச்சேர நேரமாகும். ஹாரி மூடியைப் பிஸ்டனுக்கு மேலே உரசுமளவு தாழ்த்தி, இடத்தையெல்லாம் வால்வுகளின் பக்கம் ஒதுக்கினார். பிஸ்டன் மேலே வரும்போது நடுவில் சிக்கிய கலவை சூறாவளியாய்ப் பாயும். தீ சட்டென்று பரவும். 'டக் டக்' அடங்கியது. அமுக்கத்தைக் கூட்டவும் முடிந்தது. சிலர் கேட்காமலே இதைக் காப்பியடிக்க, வழக்குப் போட்டு வென்றார்.

கணக்கு பிடிக்குமா? பிஸ்டன் நகரும் இடம் 200 மில்லி, அது உச்சிக்கு வந்தபின் மிஞ்சும் இடம் 50 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். மொத்தம் 250, அதை 50-ஆல் வகுத்தால் 5. இதுவே அமுக்க விகிதம். மூடியைச் சீவி, மிஞ்சும் இடத்தை 40 ஆக்கினால்? 240-ஐ 40-ஆல் வகுத்தால் 6! பழைய கார்களைப் புதுப்பிப்பவர்கள் ஹெட்டைக் கவிழ்த்து வைத்து, குழியில் எண்ணெய் ஊற்றி அளந்து, இன்றும் இப்படித்தான் கணக்குப் போடுகிறார்கள்.

டீசல் பஸ்களுக்கும் புதுவகை ஹெட் தந்த ஹாரிக்கு 1948-இல் 'சர்' பட்டம் கிடைத்தது. 1974 மே 18 அன்று, 89-ஆவது வயதில் காலமானார்.