காட்டுக்கும் ஏரிக்கும் கணக்கு எழுதியவர்: மா. கிருஷ்ணன்

நம் காஞ்சிபுரத்திலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகப் பயணம் செய்தால் வேடந்தாங்கல். 2019இல் மாவட்டம் பிரியும் வரை நம் மாவட்டத்திலேயே இருந்த ஊர். அங்கே போய் வந்த நம் வளாகத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பெலிகன், ஸ்டார்க், ஐபிஸ் என்று சரளமாகச் சொல்கிறார்கள். கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன் என்றால் விழிக்கிறார்கள். பெரியவர்களான நம்மிலும் பலருக்கு இந்தப் பெயர்கள் தெரியாது. இவற்றோடு பழகியே வாழ்ந்த ஒருவரைப் பற்றி இந்தக் காலாண்டு இதழில் எழுதலாம் என்று தோன்றியது.

மா. கிருஷ்ணன் 1912இல் திருநெல்வேலியில் பிறந்தார். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. குடும்பம் சென்னை மயிலாப்பூரில் வீடு கட்டிக் குடியேறியது. அன்றைய மயிலாப்பூரில் புதர்க்காடு இருந்தது, நரி திரிந்தது, வெளிமான்கூட இருந்தது என்றால் இன்று யார் நம்புவார்கள்? சிறுவன் கிருஷ்ணன் ஒரு கீரிப்பிள்ளையை வளர்த்தான். 1925இல் தந்தை காலமாகிவிட, மூத்த அக்காதான் படிக்க வைத்தார். மாநிலக் கல்லூரியில் தாவரவியல் படித்தபோது பேராசிரியர் பைசனோடு நீலகிரி, கொடைக்கானல் மலைகளுக்குப் போய்ச் செடிகொடிகளைப் பார்த்துப் பழகினார். பிறகு சட்டமும் படித்தார். வக்கீல் தொழிலில் மனம் ஒட்டவில்லை.

1942இல் இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் வேலை கிடைத்தது. ஆசிரியர், நீதிபதி, மகாராஜாவின் செயலாளர் என்று பல பொறுப்புகள். சமஸ்தானம் இந்தியாவோடு இணைந்ததும் சென்னைக்குத் திரும்பினார். அதன் பிறகு அவர் எந்த உத்தியோகத்துக்கும் போகவில்லை. எழுத்தும் புகைப்படமுமே வருமானம். மாதச் சம்பளத்தை நம்பியே காலம் தள்ளிய என்னைப் போன்றவனுக்கு இதை நினைத்தாலே வயிற்றைக் கலக்கும்.

பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமரா அமைத்துக்கொண்டார். கறுப்பு வெள்ளைப் படங்கள்தான். யானை மேல் உட்கார்ந்து காட்டு யானைகளைப் படம் எடுத்தார். கட்டுரைகளுக்கு வேண்டிய சித்திரங்களையும் தானே வரைந்தார். ஆங்கிலத்தில் நிறைய எழுதினாலும் தமிழை விடவில்லை. காகம், குயில், அணில், பல்லி என்று வீட்டைச் சுற்றி இருப்பவையும் அவருக்குப் புலி, யானைக்குச் சமமான விஷயங்கள். வேடந்தாங்கலைப் பற்றியும் எழுதினார். அந்த ஏரியைத் தலைமுறை தலைமுறையாகக் காத்தவர்கள் ஊர் விவசாயிகள். பறவை எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரம். லாபம் இரு தரப்புக்கும். வணிகவியல் படித்த எனக்கு இது எளிதாகப் புரிகிறது!

அவர் விட்டுக்கொடுக்காத கருத்து ஒன்று உண்டு. ஒரு நாட்டின் அடையாளம் அதன் மலை, ஆறு, மரம், விலங்கு ஆகியவற்றில்தான் முதலில் இருக்கிறது. ஆகவே அழகுக்காக அயல்நாட்டு மரங்களைக் கொண்டுவந்து நம் காடுகளில் நடக்கூடாது என்று வாதாடினார். அரசின் வனவிலங்குக் குழுக்களில் இருந்தபோதும் மனதில் பட்டதைச் சொல்லிவிடுவார். இது நமக்கும் சம்பந்தமுள்ள பேச்சு. நம் வாசலில் நிற்கும் குல்மொஹர் மடகாஸ்கர் தீவின் மரம். நிழல் தருகிறது, அதை வெட்டச் சொல்லவில்லை. வரும் மழைக்காலத்தில் பார்க்கிங் ஓரம் கன்று நடப்போகிறோம் அல்லவா? கமிட்டியார் புங்கன், மகிழம், சரக்கொன்றை ஆகியவற்றையும் விலை விசாரிக்கட்டும். வேர் டைல்ஸைத் தூக்குமே என்று பயப்படுகிறவர்களுக்கும் இடம் பார்த்து நட்டால் தொல்லையில்லை. ஒவ்வொரு கன்றுக்கும் தமிழ்ப் பெயரோடு ஒரு பலகை வைத்தால் பிள்ளைகள் போகிற வருகிற போக்கில் படித்துக்கொள்வார்கள்.

அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. என்னை அதிகம் வியக்க வைப்பது வேறு. கல்கத்தாவின் ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் 1950இல் தொடங்கிய இயற்கைப் பத்தியை 46 வருடம் எழுதினார். 1996 பிப்ரவரி 18 அன்று அவர் காலமானார். அன்றைய இதழிலும் அவருடைய கட்டுரை வந்திருந்தது.

அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்திருக்கிறார். நூலின் பெயர் 'மழைக்காலமும் குயிலோசையும்'. நம் வளாக நூலக அலமாரிக்கு ஒரு பிரதி வாங்கலாம்.