உலகத்துக்கே கேரக்டர் உருவாக்கக் கற்றுக்கொடுத்தவர்... சொந்த கேரக்டர்களை இழந்தது எப்படி? கேரி கைகாக்ஸின் கதை

நெட்ஃபிளிக்ஸில் 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு அதன் முதல் எபிசோட் நினைவிருக்கும். வீட்டின் அடித்தளத்தில் நான்கு சிறுவர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையை உருட்டிக் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்கள் விளையாடுவது 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. சுருக்கமாக, டி அண்ட் டி.

1974-ல் வெளிவந்த இந்த விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர் கேரி கைகாக்ஸ். காகிதம், பென்சில், பகடை இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் தனக்கென ஒரு வீரனையோ மந்திரவாதியையோ உருவாக்கிக்கொள்ளலாம் என்று சொல்லிக்கொடுத்தவர். ஆனால், அடுத்த 12 வருஷத்தில் அவர் உருவாக்கிய கேரக்டர்களில் பெரும்பாலானவை அவருக்கே சொந்தமில்லாமல் போய்விட்டன. என்ன நடந்தது?

யார் இந்த கேரி கைகாக்ஸ்?

எர்னஸ்ட் கேரி கைகாக்ஸ் 1938 ஜூலை 27-ம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். அப்பா சுவிட்சர்லாந்தில் இருந்து வந்து குடியேறியவர். சிகாகோ சிம்பொனி இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். எர்னஸ்ட் என்பது அப்பாவின் பெயரையொட்டி வைத்தது. கேரி என்பது நடிகர் கேரி கூப்பர் நினைவாக வைத்தது.

1946-ல் குடும்பம் விஸ்கான்சின் மாநிலத்தில் இருக்கும் லேக் ஜெனீவா என்ற சின்ன ஊருக்குக் குடிபெயர்ந்தது. ராத்திரி தூங்கும் முன் அப்பா சொன்ன மாயாஜாலக் கதைகளும், மலிவு விலைப் பத்திரிகைகளில் வந்த சாகசக் கதைகளும்தான் அந்தச் சிறுவனின் உலகம். பள்ளிப் படிப்பைக்கூட முடிக்கவில்லை. பிறகு சிகாகோவில் இன்சூரன்ஸ் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. 1958-ல் கல்யாணம், அடுத்தடுத்து ஐந்து பிள்ளைகள்.

வேலை நேரம் போக மீதி நேரம் முழுக்க போர் விளையாட்டுகள்தான். பழைய யுத்தங்களை சின்னச் சின்ன பொம்மைப் படைகளை வைத்து மேஜை மேல் நடத்திப் பார்க்கும் பொழுதுபோக்கு அது. 1968-ல் 50 டாலர் வாடகைக்கு ஊரில் ஒரு ஹால் பிடித்து, இதில் ஆர்வம் உள்ளவர்களை எல்லாம் அழைத்தார். அந்தக் கூட்டம்தான் இன்றும் வருஷா வருஷம் நடக்கும் 'ஜென் கான்' விழா.

1970-ல் வேலை போனது. ஐந்து பிள்ளைகளோடு குடும்பத்தை ஓட்ட வேண்டும். வீட்டிலேயே ஷூ ரிப்பேர் செய்தார். மீதி நேரத்தில் விளையாட்டு விதிகளை எழுதினார்.

படையில் இருந்து தனி ஆளுக்கு

1971-ல் ஜெஃப் பெரன் என்பவரோடு சேர்ந்து 'செயின்மெயில்' என்ற விதிப் புத்தகத்தை வெளியிட்டார் கைகாக்ஸ். இடைக்காலப் போர்களுக்கான விதிகள் அவை. புத்தகத்தின் கடைசியில் மந்திரவாதி, டிராகன் போன்றவற்றுக்கும் ஒரு பகுதி சேர்த்திருந்தார்.

பக்கத்து மாநிலமான மினசோட்டாவில் இருந்த டேவ் ஆர்னசன் இந்த விதிகளை எடுத்து வேறு மாதிரி பயன்படுத்தினார். அவருடைய 'பிளாக்மூர்' விளையாட்டில் யாருக்கும் படை கிடையாது. ஒவ்வொருவருக்கும் ஒரே ஒரு ஆள்தான். இன்று பிழைத்தால் அந்த ஆள் அடுத்த வாரம் அதே பெயரோடு, கொஞ்சம் கூடுதல் பலத்தோடு திரும்பி வருவான். செத்தால் கதை முடிந்தது, புது ஆளை உருவாக்க வேண்டியதுதான்.

1972 இறுதியில் ஆர்னசன் லேக் ஜெனீவாவுக்கு வந்து இதை கைகாக்ஸுக்கு விளையாடிக் காட்டினார். கைகாக்ஸுக்கு உடனே பொறி தட்டியது. ஆர்னசனிடம் குறிப்புகளைக் கேட்டு வாங்கி, தட்டச்சு இயந்திரத்தின் முன் உட்கார்ந்தார். முதலில் சுமார் 50 பக்க வரைவு தயாரானது. 'கிரேஹாக்' என்ற கற்பனைக் கோட்டையையும் அதற்கடியில் ஒரு பாதாளச் சிறையையும் வரைந்தார்.

முதலில் விளையாடியது யார் தெரியுமா?

சொந்தப் பிள்ளைகள்தான். மகன் எர்னி 'டென்சர்' என்ற மந்திரவாதியை உருவாக்கினான். எர்னஸ்ட் என்ற பெயரின் ஆங்கில எழுத்துகளை மாற்றிப் போட்டால் டென்சர். மகள் எலிஸ் 'அலிசா' என்ற மதகுருவை உருவாக்கினாள். அன்று இருவருக்கும் பாதாளத்தில் 3,000 செப்புக் காசுகள் நிறைந்த பெட்டி ஒன்று கிடைத்தது. ஆனால், கனம் தாங்காமல் தூக்க முடியவில்லை! பிள்ளைகள் தூங்கப் போனதும் பாதாளத்தின் இரண்டாவது தளத்தை வரைய ஆரம்பித்துவிட்டார் அப்பா.

பிறகு நண்பர்கள் சேர்ந்தார்கள். சிறு வயது நண்பர் டான் கேயின் கேரக்டர் 'மர்லிண்ட்'. ராப் குன்ட்ஸின் கேரக்டர் 'ரோபிலார்'. கதையை நடத்தும் பொறுப்பை ராப் குன்ட்ஸும் பகிர்ந்துகொள்ளத் தொடங்கியபோதுதான், கைகாக்ஸ் தானும் ஒரு ஆட்டக்காரராக உட்கார முடிந்தது. அப்போது அவர் உருவாக்கிய மந்திரவாதிதான் 'மார்டென்கைனன்'. அவருக்கு ரொம்பப் பிடித்த கேரக்டர். 'யிராக்' என்று ஒரு போர்வீரனும் உண்டு. கேரி என்ற பெயரை ஆங்கிலத்தில் பின்னாலிருந்து படித்தால் யிராக்.

இளைய மகன் லூக்கின் கேரக்டர் பெயர் பிறந்த கதை இன்னும் சுவாரசியம். கேரக்டர் தாளில் 'ஆண், எல்ஃப் இனம்' என்பதற்கு 'எம்' என்ற எழுத்தும் அதன் பக்கத்தில் 'எல்ஃப்' என்றும் இருந்தது. சேர்த்துப் படித்தால் 'மெல்ஃப்'. அதுவே பெயராகிவிட்டது.

கேரக்டர் எப்படி உருவாக்குவது?

1974 விதிகளின்படி ஒரு கேரக்டருக்கு ஆறு குணங்கள்: வலிமை, அறிவு, விவேகம், உடல் உறுதி, சுறுசுறுப்பு, வசீகரம். ஒவ்வொன்றுக்கும் மூன்று பகடைகளை உருட்டிக் கூட்ட வேண்டும். ஆக, மதிப்பெண் 3-க்கும் 18-க்கும் இடையில் இருக்கும்.

இங்கேதான் கணக்கு விளையாடும். மூன்று பகடைகள் 216 விதமாக விழலாம். அதில் 18 வருவது ஒரே ஒரு விதத்தில்தான். 10 அல்லது 11 வருவதற்கோ 54 வழிகள், அதாவது நான்கில் ஒரு பங்கு. எனவே, பெரும்பாலான கேரக்டர்கள் நம்மைப் போலவே சராசரி ஆட்கள். அறிவு அதிகம், வலிமை குறைவு என்றால் மந்திரவாதி ஆகலாம். வலிமை அதிகம் என்றால் போர்வீரர். விவேகம் அதிகம் என்றால் மதகுரு. பிறகு மூன்று பகடைகளை உருட்டி, 10-ஆல் பெருக்கினால் கையில் இருக்கும் பொற்காசுகள். அதை வைத்து வாள், கயிறு, தீப்பந்தம் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியில் உயிர்ப் புள்ளிகள். புது மந்திரவாதிக்கு ஒரே ஒரு பகடைதான். அதில் 1 விழுந்தால் முதல் அடியிலேயே ஆள் காலி. அப்படி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் பிழைத்து வந்த கேரக்டர் மீது பாசம் வராமல் இருக்குமா? டென்சரும் மார்டென்கைனனும் பெரிய மந்திரவாதிகள் ஆனது இப்படித்தான்.

ஆனால், எல்லாரும் சராசரி ஆளாக இருக்க விரும்பவில்லை. 1979-ல் எழுதிய வழிகாட்டிப் புத்தகத்தில் கைகாக்ஸே விதியைத் தளர்த்தினார். நான்கு பகடைகளை உருட்டி, குறைந்ததைத் தள்ளிவிட்டு, வந்த மதிப்பெண்களை விருப்பப்படி ஆறு குணங்களுக்கும் பிரித்துக்கொள்ளலாம். இன்று வரை பல மேஜைகளில் இதுதான் நடைமுறை.

1,000 டாலரில் தொடங்கிய கம்பெனி

பெரிய விளையாட்டு நிறுவனம் ஒன்று இதை வெளியிட மறுத்தது. எனவே, 1973 அக்டோபரில் கைகாக்ஸும் டான் கேயும் ஆளுக்கு 1,000 டாலர் போட்டு 'டிஎஸ்ஆர்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். டான் கே தன் பங்கை ஆயுள் காப்பீட்டு பாலிசி மீது கடன் வாங்கித்தான் போட்டார். அப்படியும் விளையாட்டை அச்சிடப் பணம் போதவில்லை. பிரையன் ப்ளூம் என்பவர் 2,000 டாலர் கொடுத்து மூன்றாவது கூட்டாளி ஆனார்.

1974 ஜனவரியில் 1,000 பெட்டிகள் தயார். பெட்டிக்குள் மூன்று சின்னப் புத்தகங்கள். விலை 10 டாலர். கையாலேயே பெட்டிகளை அடுக்கினார்கள். ஒரு வருஷத்துக்குள் அத்தனையும் விற்றுத் தீர்ந்தது.

சந்தோஷம் நிலைக்கவில்லை. 1975 ஜனவரியில் டான் கே மாரடைப்பால் இறந்தார். அவருடைய பங்குகளை வாங்கும் அளவுக்கு கைகாக்ஸிடம் காசு இல்லை. அவை ப்ளூம் குடும்பத்தின் கைக்குப் போயின. தான் தொடங்கிய கம்பெனியிலேயே கைகாக்ஸ் சிறுபான்மைப் பங்குதாரர் ஆனார். பின்னால் வந்த எல்லாச் சிக்கலுக்கும் இதுதான் ஆரம்பம்.

வெற்றியும் வழக்கும்

விளையாட்டு செம ஹிட். கூடவே பிரச்னைகளும் வந்தன. புதிய பதிப்பில் தனக்கு ராயல்டி தரவில்லை என்று டேவ் ஆர்னசன் 1979-ல் வழக்குப் போட்டார். 1981-ல் சமரசம் ஆனது. உருவாக்கியவர்களில் ஒருவர் என்ற அங்கீகாரம் ஆர்னசனுக்குக் கிடைத்தது. தனி ஆள், தொடரும் கதை என்ற அடிப்படை யோசனை அவருடையது. அதை யார் வேண்டுமானாலும் படித்து விளையாடக்கூடிய விதிகளாக எழுதியவர் கைகாக்ஸ்.

இந்த விளையாட்டு பிள்ளைகளைப் பேய் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று 1980-களில் அமெரிக்காவில் பெரும் பிரசாரம் நடந்தது. பீதி பரவினாலும் விற்பனை படுக்கவில்லை.

கைவிட்டுப் போன கேரக்டர்கள்

1983-ல் டி அண்ட் டி கார்ட்டூன் தொடராக டிவிக்கு வந்தது. அந்த வேலைகளுக்காக கைகாக்ஸ் கலிஃபோர்னியாவில் இருந்தார். அந்த நேரத்தில் லேக் ஜெனீவாவில் இருந்த கம்பெனி கடனில் மூழ்கியது. திரும்பி வந்து அதை மீட்கப் பார்த்தார். ஆனால், 1985-ல் ப்ளூம் குடும்பத்தின் பங்குகளை லொரைன் வில்லியம்ஸ் வாங்கினார். நிர்வாகம் கைமாறியது. கைகாக்ஸ் நீதிமன்றம் போயும் பலன் இல்லை. 1986-ல் கம்பெனியை விட்டு வெளியேறினார்.

பிரியும்போது கேரக்டர்களின் உரிமையும் பிரிக்கப்பட்டது. கிரேஹாக் உலகம் கம்பெனிக்கு. மார்டென்கைனனும் கம்பெனிக்கு. அவருக்குக் கிடைத்தவை, நாவல்களுக்காக உருவாக்கிய 'கோர்ட்' என்ற கேரக்டரும், தன் சொந்தப் பெயரைத் திருப்பிப் போட்டு உருவாக்கிய யிராக் போன்ற சில பெயர்களும் மட்டும்தான். விளையாட்டாகத் தன் பெயரைத் திருப்பி எழுதி வைத்ததுதான் கடைசியில் அவற்றைக் காப்பாற்றியது!

1988-ல் வந்த கோர்ட் நாவல் வரிசையின் கடைசிப் புத்தகத்தில், கிரேஹாக் இருந்த அந்த உலகத்தையே அழித்து முடித்தார் கைகாக்ஸ். கம்பெனியின் கிரேஹாக் அதற்குப் பிறகும் விற்பனையானது. ஆனால், அவரைப் பொறுத்தவரை அந்தக் கதை அங்கேயே முடிந்தது.

கடைசி வரை மேஜையில்

அதன் பிறகும் புதுப்புது விளையாட்டுகளை எழுதினார். 1997-ல் டிஎஸ்ஆர் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. 2004-ல் கைகாக்ஸுக்குப் பக்கவாதம் வந்தது. அப்படியும் 2008 ஜனவரி வரை வீட்டில் வாராவாரம் விளையாட்டை நடத்திக்கொண்டுதான் இருந்தார். 2008 மார்ச் 4-ம் தேதி லேக் ஜெனீவாவில் காலமானார். வயது 69. இறுதிச் சடங்குக்கு வந்தவர்கள் அன்று கூடி விளையாடினார்கள். அந்தக் கூடல்தான் அடுத்த வருஷத்தில் இருந்து 'கேரி கான்' என்ற விழாவாக ஆனது.

இன்று டி அண்ட் டி-யின் அதிகாரப்பூர்வப் புத்தகத்தைத் திறந்தால் டென்சரின் மிதக்கும் தட்டு, மெல்ஃபின் அமில அம்பு, மார்டென்கைனனின் காவல் நாய் என்று மந்திரங்களின் பட்டியல் இருக்கும். அதே விதிகளை மற்றவர்களும் பயன்படுத்தலாம் என்று இலவசமாக வெளியிட்ட பதிப்பில், மந்திரங்கள் அப்படியே இருக்கின்றன. இந்தப் பெயர்களை மட்டும் நீக்கிவிட்டார்கள். காரணம், பெயர்கள் கம்பெனியின் சொத்து.

ஆனால், முதல் முறையாக விளையாட உட்காருபவர் கையில் இருக்கும் தாளில் பெயருக்கான இடம் காலியாகத்தான் இருக்கும். ஆறு முறை பகடை உருட்டி, எர்னியைப் போல அவரும் அதில் தனக்குப் பிடித்த பெயரை எழுதிக்கொள்ளலாம்.