அமைதிக்கு அடித்தளம் தேடிய டாக் ஹாமர்ஷீல்டு

என் தந்தையார் எங்கள் ஊராட்சியில் டேங்க் ஆபரேட்டர். விடியற்காலையில் மோட்டாரைப் போட்டு, மேல்நிலைத் தொட்டியில் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, தெருவுக்கு ஒரு மணி நேரம் என்று வால்வைத் திறந்து விடுவது அவருடைய வேலை. ஒரு கோடையில் அவர் காய்ச்சலில் மூன்று நாள் படுத்துவிட்டார். முதல் நாள் முணுமுணுப்பு. இரண்டாம் நாள் குழாயடியில் குடங்கள் உருண்டன. மூன்றாம் நாள் மேலத்தெருவும் கீழத்தெருவும் கைகலந்து, இரண்டு காவலர்கள் வந்து நின்றார்கள். அவர்கள் நின்றவரை சண்டை இல்லை. ஆனால் தண்ணீரும் இல்லை. பக்கத்து ஊரிலிருந்து வால்வு திறக்கத் தெரிந்த ஒருவரை அழைத்து வந்த பிறகுதான் காவலர்கள் திரும்பிப் போக முடிந்தது.

இந்தச் சிறு நிகழ்ச்சி, உலகப் பெரியார் ஒருவரின் வாழ்க்கையைப் படிக்கும்போது எனக்கு நினைவு வரும் என்று நான் எண்ணியதில்லை. எங்கள் வேதியியல் வகுப்பில் அணைவுச் சேர்மங்கள் பாடம் நடந்தபோது, உலகில் எடுக்கப்படும் கோபால்ட்டில் பாதிக்கு மேல் காங்கோ என்ற ஒரே நாட்டிலிருந்து வருகிறது என்று பேராசிரியர் கூறினார். அந்த நாட்டைப் பற்றி அறிய நூலகத்துக்குப் போனேன். காங்கோவைத் தேடிப் போன எனக்கு அங்கே கிடைத்தவர் டாக் ஹாமர்ஷீல்டு. ஐக்கிய நாடுகள் சபையின் இரண்டாவது பொதுச் செயலாளர். அந்தப் பதவியில் இருக்கும்போதே உயிர் நீத்தவர். இறந்த பிறகு நோபல் அமைதிப் பரிசு பெற்றவர். பொது அறிவுப் புத்தகங்களில் இந்த அளவோடு முடிந்துவிடும் அவருடைய கதையை, இன்னும் சற்று நீட்டிச் சொல்ல விரும்புகிறேன்.

1905ஆம் ஆண்டு ஜூலை 29ஆம் நாள் ஸ்வீடன் நாட்டின் யோன்ஷோப்பிங் நகரில் அவர் பிறந்தார். நான்கு ஆண்மக்களில் கடைக்குட்டி. தந்தை யால்மர் ஹாமர்ஷீல்டு முதல் உலகப் போர்க்காலத்தில் ஸ்வீடனின் பிரதமராக இருந்தவர். நாட்டைப் போரில் இறங்கவிடாமல் நடுநிலையில் நிறுத்திக் காட்டியவர். ஆயினும் உணவுத் தட்டுப்பாடு வந்தது. போர் இல்லை, ரொட்டியும் இல்லை. மக்கள் அவருடைய குடும்பப் பெயரிலேயே பசி என்ற சொல்லைச் சேர்த்துக் கேலி செய்தார்கள். 1917இல் அவர் பதவி விலகினார். அப்போது சிறுவன் டாக்குக்குப் பன்னிரண்டு வயது நிரம்பவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் காதில் தகப்பனைப் பற்றிய அந்தக் கேலி விழாமலா இருந்திருக்கும்? வெறுமனே போர் இல்லாமல் இருப்பது மட்டும் அமைதி ஆகாது என்ற பாடத்தின் முதல் எழுத்தை அவர் வீட்டிலேயே கற்றிருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது.

உப்சாலா பல்கலைக்கழகத்தில் படித்தார். வேலையில்லாத் திண்டாட்டத்தை ஆராய அரசு அமைத்த குழுவில் செயலாளராகப் பணிபுரிந்தார். 1933இல் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றார். முப்பத்தொரு வயதில் நிதித்துறையின் துணைச் செயலாளர். பின்னர் ஸ்வீடன் மத்திய வங்கியின் ஆட்சிக் குழுத் தலைவர். இரண்டாம் உலகப் போருக்குப் பின் சிதைந்து கிடந்த ஐரோப்பாவை மீண்டும் கட்டியெழுப்ப அமெரிக்கா மார்ஷல் திட்டத்தை வகுத்தபோது, பாரிஸில் நடந்த பேச்சுகளில் ஸ்வீடனின் சார்பில் அமர்ந்தவரும் அவரே. இடிந்த நாடுகள் எப்படி எழுகின்றன என்பதைக் கணக்கேட்டின் வழியாகப் பார்த்த மனிதர் அவர். திருமணம் செய்துகொள்ளவில்லை. மலையேற்றமும் இலக்கியமும் அவருக்கு உற்ற துணைகள்.

1953 ஏப்ரலில் ஐ.நா. பொதுச் செயலாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆரவாரம் இல்லாத அதிகாரி, தங்கள் வழியில் குறுக்கே வரமாட்டார் என்று வல்லரசுகள் நம்பித்தான் அவரைக் கொண்டுவந்தன. அந்த நம்பிக்கை நெடுநாள் நீடிக்கவில்லை. 1955 ஜனவரியில் அவர் பீக்கிங் சென்று சூ என்லாயுடன் பேசினார். சீனச் சிறையில் இருந்த அமெரிக்க விமானப் படையினர் அவ்வாண்டே விடுதலையாயினர்.

1956இல் சூயஸ் கால்வாய் நெருக்கடி. எகிப்தின்மேல் இஸ்ரேலும் பிரிட்டனும் பிரான்சும் படையெடுத்தன. கனடாவின் லெஸ்டர் பியர்சன் முன்வைத்த யோசனையை ஏற்று, சில நாட்களுக்குள் ஐ.நா.வின் முதல் அமைதிப் படையை ஹாமர்ஷீல்டு திரட்டினார். நம் இந்திய வீரர்களும் அதில் இருந்தார்கள். எந்த நாட்டுப் படை என்று மயக்கம் வராதிருக்கத் தலைக்கவசங்களுக்கு வெளிர்நீல வண்ணம் பூசினார்கள். இன்று உலகம் முழுவதும் தெரிந்த அந்த நீலத் தலைக்கவசத்தின் கதை இதுதான்.

ஆனால் இதன் மறுபாதியைப் பலரும் சொல்வதில்லை. கால்வாய் முழுவதும் மூழ்கடிக்கப்பட்ட கப்பல்கள் கிடந்தன. அவற்றை வெளியே எடுக்கும் பணியையும் ஐ.நா.வே ஏற்றது. 1957 ஏப்ரலில் கால்வாய் திறந்தது. எல்லையில் படை காவல் நின்றது. கால்வாயில் பாரந்தூக்கிகள் வேலை செய்தன. இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே அலுவலகத்தின் பொறுப்பில்.

1959இல் லாவோஸ் நாட்டில் போர் மேகம் சூழ்ந்தபோதும் அதே போக்கைக் காணலாம். தாமே நேரில் சென்று பார்த்துவிட்டு, அந்நாட்டின் பொருளாதாரத் தேவைகளை ஆராய பின்லாந்து நாட்டவர் ஒருவரை அங்கே அமர்த்தினார். சண்டை மூளும் இடத்துக்குப் பொருளாதார வல்லுநரை அனுப்பியதைக் கண்டு சிலர் நகைத்திருக்கவும் கூடும்.

1959 டிசம்பரிலிருந்து 1960 ஜனவரி வரை அவர் ஆப்பிரிக்காவில் இருபதுக்கும் மேற்பட்ட நாடுகளையும் ஆட்சிப் பகுதிகளையும் சுற்றிப் பார்த்தார். கொடி ஏற்றுவது எளிது, கொடி ஏற்றிய மறுநாள் அலுவலகத்தைத் திறக்க ஆள் வேண்டுமே என்ற கவலையோடு அவர் திரும்பினார் எனலாம். புதிதாக விடுதலை பெறும் நாடுகளுக்கு நிர்வாகிகளையும் வல்லுநர்களையும் அனுப்பும் ஏற்பாட்டுக்கு அவர் ஏற்கெனவே அடிகோலியிருந்தார்.

1960 ஜூன் 30. பெல்ஜியத்தின் ஆட்சியிலிருந்து காங்கோ விடுதலை பெற்றது. கசவுபு குடியரசுத் தலைவர். பத்ரீஸ் லுமும்பா பிரதமர். பரப்பில் நம் இந்தியாவின் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் இருக்கும் நாடு. அந்த நாட்டில் அன்று பல்கலைக்கழகப் பட்டம் பெற்ற காங்கோ மக்கள் எத்தனை பேர் தெரியுமா? முப்பது பேர்கூட இல்லை!

நண்பர்களே, இந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். சென்ற ஆண்டு இ-சேவை மையத்தில் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக நான் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னும் பின்னும் நின்றவர்களை எண்ணினாலே பத்துப் பேருக்கு மேல் இருப்பார்கள். எங்கள் வகுப்பில் மட்டும் நாற்பது பேர் படிக்கிறோம். ஒரு முழு நாட்டையும் நடத்த, எங்கள் வகுப்பு அளவுக்குக்கூடப் பட்டதாரிகள் இல்லை. காங்கோ நாட்டவராக ஒரு மருத்துவர் இல்லை. படையில் ஓர் அதிகாரி இல்லை. முக்கால் நூற்றாண்டு ஆண்டவர்கள் செம்பையும் கோபால்ட்டையும் யுரேனியத்தையும் தோண்டிக்கொண்டு போனார்கள். பட்டதாரிகளை மட்டும் உண்டாக்கவில்லை.

விடுதலை பெற்ற ஐந்தாம் நாள் படையில் கலகம் வெடித்தது. ஐரோப்பியர்கள் ஆயிரக்கணக்கில் ஓடினார்கள். பெல்ஜியப் படை மீண்டும் இறங்கியது. ஜூலை 11இல், கனிவளம் மிக்க கடாங்கா மாநிலம் மோயிஸ் சோம்பேயின் தலைமையில் பிரிந்துபோவதாக அறிவித்தது. விந்தை என்னவென்றால், தொழில்நுட்ப உதவி பற்றிப் பேசுவதற்காக ஹாமர்ஷீல்டு முன்கூட்டியே அனுப்பிய ரால்ஃப் பஞ்ச் அப்போது தலைநகர் லியோபோல்டுவில்லில்தான் இருந்தார். ஆசிரியர்களையும் பொறியாளர்களையும் பற்றிப் பேசப் போனவர், சில நாட்களில் படைகளை வரவேற்கும் நிலைக்கு ஆளானார். ஜூலை 13 இரவு பாதுகாப்புச் சபை கூடிற்று. விடியும் முன் தீர்மானம் நிறைவேறிற்று. இரண்டு நாட்களுக்குள் முதல் வீரர்கள் காங்கோ மண்ணில் இறங்கினார்கள். பின்னர் அந்தப் படை ஏறத்தாழ 20,000 பேராக வளர்ந்தது.

ஹாமர்ஷீல்டின் தனித்தன்மை இங்கேதான் தெரிகிறது. படைக்கு இணையாக ஒரு குடிமைப் பணிப் பிரிவையும் அவர் அமைத்தார். ஸ்வீடன் நாட்டுச் ஸ்டூரே லின்னர் அதற்குத் தலைவர். உலக சுகாதார நிறுவனத்தின் மருத்துவர்கள் ஆளில்லாத மருத்துவமனைகளுக்குச் சென்றார்கள். விமான நிலையங்களில் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தவும், வானிலை கணிக்கவும், தந்தித் தொடர்பைக் காக்கவும் வல்லுநர்கள் வந்தார்கள். மத்தாடி துறைமுகத்துக்குக் கப்பல் வரும் ஆற்றுவழி மணல் மூடிப் போகாதபடி தூர்வாரினார்கள். பிரெஞ்சு மொழி தெரிந்த ஆசிரியர்களை யுனெஸ்கோ தேடிப் பிடித்தது. அவர்களில் பலர் ஹெய்ட்டி நாட்டவர். நம் நாடு 400 படுக்கைகள் கொண்ட இராணுவ மருத்துவமனையை அனுப்பிற்று. தெற்குக் கசாயில் அகதிகள் பட்டினியால் மடிந்தபோது ஐ.நா. உணவு கொண்டு சேர்த்தது. மிகுதியாக இருந்த காலத்தில், 1963-64இல், இந்தக் குடிமைப் பணியில் சுமார் 2,000 வல்லுநர்கள் இருந்தார்கள். அதுவரை உலக அமைப்பு எந்த நாட்டுக்கும் அவ்வளவு பெரிய உதவியைச் செய்ததில்லை.

அவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது ஒன்று. காங்கோவில் மருத்துவர் இல்லாவிட்டாலும், பல ஆண்டுகள் பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளர்கள் இருந்தார்கள். அவர்களில் சுமார் 60 பேரைத் தேர்ந்தெடுத்து, மருத்துவப் படிப்பை முடிப்பதற்காகப் பிரான்சுக்கு அனுப்பினார்கள். நாடு பற்றி எரிகிறது. உள்ளூரில் நோயாளியைத் தொடத் தெரிந்தவர்களே சிலர். அவர்களையும் படிக்க அனுப்புவதா என்று கேட்கத் தோன்றும். அந்தத் துணிவைத்தான் நான் வியக்கிறேன். வெளியிலிருந்து வந்த மருத்துவர் ஒருநாள் திரும்பிப் போய்விடுவார் அல்லவா?

இனி, கசப்பான பகுதியையும் மறைக்காமல் கூற வேண்டும். அவருக்குப் பணம் வரவில்லை. காங்கோவுக்கென நிதி ஒன்று அமைத்து 10 கோடி டாலர் கேட்டார். அதில் பாதிகூடச் சேரவில்லை. படைச் செலவுக்குத் தங்கள் பங்கைத் தரச் சோவியத் ஒன்றியமும் பிரான்சும் மறுத்தன. அதைவிடப் பெரிய கறை லுமும்பாவின் கதை. 1960 செப்டம்பரில் கசவுபு லுமும்பாவைப் பதவி நீக்கியபோது, ஐ.நா. அதிகாரிகள் வானொலி நிலையத்தையும் விமான நிலையங்களையும் மூடினார்கள். நடுநிலை என்று சொன்னார்கள்; பாதிக்கப்பட்டது லுமும்பாவே. பின்னர் ஐ.நா. காவலிலிருந்த வீட்டைவிட்டு வெளியேறிய அவர் பிடிபட்டு, 1961 ஜனவரி 17இல் கடாங்காவில் கொல்லப்பட்டார். ஹாமர்ஷீல்டிடம் எனக்குள்ள மதிப்பு பெரிது. என்றாலும் இந்த இடத்தில் அவருடைய நடுநிலை ஒரு மனிதரைக் காப்பாற்றத் தவறிவிட்டது என்றே நினைக்கிறேன். துறைமுகத்தைத் தூர்வாரலாம், மருத்துவமனையைத் திறக்கலாம். மக்கள் தேர்ந்தெடுத்த தலைவன் கொல்லப்பட்டால் அவற்றை யார் ஆள்வது?

சோவியத் தலைவர் குருஷ்சேவ் அவரைப் பதவி விலகச் சொன்னார். ஒருவர் இருக்கும் இடத்தில் மூவரை அமர்த்த வேண்டும் என்றார். ஹாமர்ஷீல்டு விலக மறுத்தார். சிறிய நாடுகளுக்குத்தான் இந்த அமைப்பு மிகவும் தேவை, அவை விரும்பும்வரை இருப்பேன் என்பது அவர் நிலை.

1961 மார்ச்சில் இந்தியப் படையணி ஒன்று காங்கோ சென்றது. செப்டம்பரில் கடாங்காவில் ஐ.நா. படைக்கும் சோம்பேயின் கூலிப்படையினருக்கும் போர் மூண்டது. அமைதி காக்க வந்தவர்களே சுடும் நிலை! அதை நிறுத்தச் சோம்பேயுடன் நேரில் பேசுவதென முடிவு செய்து, செப்டம்பர் 17ஆம் நாள் ஹாமர்ஷீல்டு விமானம் ஏறினார். அந்நாளில் வடக்கு ரொடீஷியாவாக இருந்த இன்றைய ஜாம்பியாவின் இந்தோலா நகருக்கு அருகில், நள்ளிரவு கடந்த சிறிது நேரத்தில் விமானம் காட்டில் விழுந்து எரிந்தது. அதிலிருந்த 16 பேரில் ஒருவர் மட்டும் சில நாள் உயிரோடிருந்து பின் இறந்தார். விமானியின் தவறு என்றது ரொடீஷிய விசாரணை. ஐ.நா. அதை ஏற்று முடிக்கவில்லை. 2015க்குப் பின் தான்சானியாவின் முன்னாள் தலைமை நீதிபதி ஒருவரின் பொறுப்பில் மீண்டும் ஆராயப்பட்டது. வெளியிலிருந்து தாக்குதல் நடந்திருக்கக் கூடும் என்ற ஐயம் தீர்க்கப்படவே இல்லை.

அவர் உடல் உப்சாலாவில் அடக்கம் செய்யப்பட்டது. 1963 ஜனவரியில் கடாங்காவின் பிரிவினை முடிவுக்கு வந்தது. அதற்கு முன் 1961 டிசம்பர் 5இல் எலிசபெத்வில்லில் போரிட்டு மாண்ட கேப்டன் குர்பச்சன் சிங் சலாரியாவுக்கு நம் அரசு பரம்வீர் சக்கரம் வழங்கியது. 1964 ஜூன் 30இல் ஐ.நா. படை வெளியேறியது, மறு ஆண்டே மொபுட்டு ஆட்சியைக் கைப்பற்றி, 1997 வரை நாட்டைச் சுரண்டினார். ஐ.நா. அமைதிப் படை 1999இல் மீண்டும் அங்கே போக வேண்டியதாயிற்று. 2025 ஜனவரியில்கூடக் கிழக்கே கோமா நகரம் கிளர்ச்சிப் படையிடம் வீழ்ந்தது. ஆகவே ஹாமர்ஷீல்டு வென்றார் என்று என்னால் எழுத முடியாது.

இதையெல்லாம் ஒரு மாலை என் தந்தையாரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். படை, தீர்மானம், வல்லரசு எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டவர், கடைசியில் ஒன்றே ஒன்றைக் கேட்டார்: பிரான்சுக்குப் படிக்கப் போன அந்த அறுபது பேரும் திரும்பி வந்தார்களா என்று. ஹாமர்ஷீல்டு அதைப் பார்க்க இல்லை, ஆனால் அவர்கள் மருத்துவர்களாகத் திரும்பி வந்தார்கள், தங்கள் ஊர் மருத்துவமனைகளில் வேலைக்குச் சேர்ந்தார்கள் என்றேன். சரி என்று தலையசைத்துவிட்டு, மோட்டாரை நிறுத்த நேரமாயிற்று என்று எழுந்து போனார்.