ஜூலியா மார்கரெட் கேமரன்

ஜூலியா மார்கரெட் கேமரன் (ஜூன் 11, 1815 – ஜனவரி 26, 1879) 19ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஆங்கிலேய ஒளிப்படக் கலைஞர் ஆவார். கொல்கத்தாவில் பிறந்த இவர் இலங்கையில் காலமானார். தமது 48ஆவது அகவையில், ஒளிப்படக் கலையில் எவ்விதப் பயிற்சியும் இல்லாத நிலையில், படம் எடுக்கவும் இருட்டறையில் அச்சிடவும் தாமே கற்றுக்கொண்டார். மனித முகத்தை மிக அருகிலிருந்து பெரிய அளவில் எடுத்த இவருடைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஒளிப்பட வரலாற்றில் முதன்மையானவையாகக் கருதப்படுகின்றன. அவர் படமெடுத்த காலம் ஏறத்தாழ 15 ஆண்டுகள் மட்டுமே.

இளமையும் குடும்பமும்

இவருடைய தந்தை ஜேம்ஸ் பாட்டில் கிழக்கிந்தியக் கம்பெனியில் உயர் அலுவலர். தாய் பிரெஞ்சு வழியினர். ஜூலியாவின் கல்வி பெரும்பாலும் பிரான்சில் நடந்தது. 1830களின் நடுவில் உடல்நலம் தேறும் பொருட்டு நன்னம்பிக்கை முனையில் தங்கியிருந்தபோது இருவரைச் சந்தித்தார். ஒருவர் பின்னாளில் இவரை மணந்த சார்லஸ் ஹே கேமரன். மற்றவர் தென்வானத்து விண்மீன்களை ஆராய அங்கு வந்திருந்த வானியலாளர் ஜான் ஹெர்செல்.

சார்லஸ் ஹே கேமரன் இலங்கை வரலாறு படித்தோர்க்குப் புதியவரல்லர். 1833ஆம் ஆண்டுச் சீர்திருத்தங்களுக்கு அடிப்படையான கோல்புறூக்–கேமரன் ஆணைக்குழுவின் இரண்டாம் பெயர் அவருடையதே. மனைவியைவிட 20 ஆண்டுகள் மூத்தவர். 1838இல் கொல்கத்தாவில் திருமணம் நடைபெற்றது. இலங்கையில் காப்பித் தோட்டங்களை வாங்கிய சார்லஸ், பணி ஓய்வுக்குப் பின் 1848இல் குடும்பத்துடன் இங்கிலாந்து சென்றார். 1860இல் வைட் தீவிலுள்ள பிரெஷ்வாட்டர் என்னும் ஊரில், கவிஞர் டென்னிசனின் வீட்டருகே குடியேறினர். அவ்வீட்டுக்கு இலங்கைத் தோட்டத்தின் பெயரையொட்டி டிம்போலா எனப் பெயரிட்டனர்.

ஹெர்செலின் நட்பு இக்கட்டுரைக்கு முக்கியமானது. ஹைப்போ என்று அறியப்படும் உப்பு வெள்ளிச் சேர்மங்களைக் கரைக்கும் என்பதை 1819இல் கண்டறிந்தவர் அவரே. ஒளிபட்டு உருவான படம் மேலும் கறுத்துவிடாமல் நிலைநிறுத்த அவ்வுப்பு 1839 முதல் பயன்பட்டது. இன்றும் கறுப்பு வெள்ளை இருட்டறைகளில் பயன்படுவது அதே வேதியியல்தான். புதிதாகத் தோன்றிய அக்கலையைப் பற்றி ஜூலியா முதன்முதலில் அறிந்ததும் ஹெர்செலின் கடிதங்கள் வழியாகவே. எனினும் அவர் கையில் கேமரா கிடைக்க மேலும் 20 ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

கலையைக் கற்றல்

1863 இறுதியில் கணவர் இலங்கைத் தோட்டங்களைப் பார்க்கச் சென்றிருந்தார். தனித்திருந்த தாய்க்குப் பொழுதுபோக்காக இருக்கட்டும் என்று ஒரே மகளும் மருமகனும் ஒரு கேமராவைப் பரிசளித்தனர். நிலக்கரி வைக்கும் அறை இருட்டறையாயிற்று. கோழிகள் வெளியேற்றப்பட்டு, கண்ணாடி பொருத்திய கோழிக் கூண்டு படப்பிடிப்புக் கூடமாயிற்று.

அன்று வழக்கிலிருந்தது பிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் 1851இல் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை. படச்சுருள் அப்போது இல்லை. நன்கு துடைத்த கண்ணாடித் தகட்டின் மீது கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலை ஒரே சீராகப் பரவும்படி ஊற்ற வேண்டும். பின் இருட்டறையில் வெள்ளி நைட்ரேட் கரைசலில் அமிழ்த்தினால் தகடு ஒளியுணர்வு பெறும். அது காய்வதற்குள் கேமராவில் பொருத்திப் படமெடுத்து, உடனே இருட்டறைக்குக் கொண்டுவந்து டெவலப்பர் ஊற்றி உருவத்தை வெளிக்கொணர வேண்டும். தகடு காய்ந்துவிட்டால் உழைப்பனைத்தும் வீண். அடுத்து நிலைநிறுத்துதல், கழுவுதல், உலர்த்துதல், வார்னிஷ் பூசுதல் என்று வேலை நீளும். இவ்வளவுக்கும் பின் கையில் இருப்பது ஒளியும் நிழலும் இடம் மாறிய நெகட்டிவ் மட்டுமே.

நெகட்டிவிலிருந்து படம் பெற, முட்டை வெண்கரு பூசிய தாளை வெள்ளி நைட்ரேட்டால் ஒளியுணர்வு பெறச் செய்து, நெகட்டிவை அதன்மீது வைத்து வெயிலில் காட்டினர். பின்னர் பொன் உப்புக் கரைசலில் நிறமேற்றி, ஹைப்போவில் நிலைநிறுத்தி, பலமுறை கழுவினர். கழுவுவதில் குறை வைத்தால் படம் சில ஆண்டுகளில் மஞ்சளித்து மங்கிவிடும். ஒவ்வொரு படத்துக்கும் கிணற்றிலிருந்து ஒன்பது வாளி நீர் இறைக்கப்பட்டதாகக் குறிப்பு உண்டு. தாளை நெகட்டிவோடு ஒட்டி அச்சிட்டதால், நெகட்டிவ் எவ்வளவு பெரிதோ அவ்வளவே படமும். பெரிய படம் வேண்டுமெனில் பெரிய கண்ணாடியையே கையாள வேண்டும். கேமரனின் முதல் கேமரா சுமார் 11 அங்குலத்துக்கு 9 அங்குலத் தகடுகளை ஏற்றது. பிற்காலத்தில் அவர் பயன்படுத்தியது 15 அங்குலத்துக்கு 12 அங்குலம்.

முதல் முயற்சிகள் தோல்வியே. கூலி கொடுத்து உட்காரவைத்த ஓர் உள்ளூர் விவசாயியின் படம், படலம் இருந்த பக்கத்தைத் தம் கையாலேயே தேய்த்ததால் அழிந்தது. 1864 ஜனவரி 29 அன்று பகல் ஒரு மணிக்கு ஆனி பில்பாட் என்ற சிறுமியைப் படமெடுத்தார். அச்சிடுதல், நிறமேற்றல், நிலைநிறுத்தல், சட்டமிடுதல் யாவற்றையும் தாமே செய்து, அன்றிரவு எட்டு மணிக்குள் சிறுமியின் தந்தையிடம் சேர்ப்பித்தார். இதையே தமது முதல் வெற்றி எனக் குறித்துவைத்தார். பரிசு வந்து ஓரிரு மாதங்களுக்குள் இதைச் சாதித்தது வியப்புக்குரியது.

தெளிவின்மை பற்றிய சர்ச்சை

அதே ஆண்டில் லண்டன் ஒளிப்படச் சங்கத்தில் உறுப்பினரானார். ஆனால் சங்க இதழின் விமரிசகர்கள் கடுமை காட்டினர். முகங்கள் கூர்மையாக இல்லை, தகடுகளில் கீறலும் கறையும் கைரேகையும் உள்ளன என்பன குற்றச்சாட்டுகள்.

இவற்றில் ஒரு பகுதி உண்மையே. அவருடைய தகடுகளில் தூசியும் படலக் கிழிசலும் காணப்படுகின்றன. கூர்மையின்மையோ வேறு வகையானது. பெரிய தகடும் அகலத் திறந்த வில்லையும் சேர்ந்தால் குவியத்தின் ஆழம் மிகக் குறையும். கண் தெளிவாக இருந்தால் காது மங்கிவிடும். ஒளிபடும் நேரமும் சில நிமிடங்கள் வரை நீண்டதால், அமர்ந்திருப்பவரின் சிற்றசைவும் பதிவாயிற்று. எனினும் இவை அவரை மீறி நேர்ந்தவை மட்டுமல்ல. வில்லையைத் திருகும்போது எந்நிலையில் உருவம் அழகாகத் தோன்றியதோ அங்கேயே நிறுத்திவிட்டதாகத் தம் நினைவுக் குறிப்பில் விளக்கியுள்ளார். கூர்மையை மேலும் தேடவில்லை. பின்னாளில் கூர்மையான வில்லை கிடைத்தபோதும் அவருடைய பாணி பெரிதாக மாறவில்லை என்பது இதற்குச் சான்று.

ஹெர்செல் (1867), கார்லைல் (1867), டார்வின் (1868), டென்னிசன் ஆகியோரின் படங்கள் இவருடைய புகழ்பெற்ற ஆக்கங்கள். ஒளியை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் விழவிட்டு, பின்புலத்தை இருளாக்கி, முகத்தை மட்டும் எழச் செய்தார். பெண்களையும் குழந்தைகளையும் விவிலிய, இலக்கியப் பாத்திரங்களாக அமர்த்திய படங்களும் பல. மேரி ஹில்லியர் முதலிய வீட்டுப் பணிப்பெண்கள் அவற்றில் அன்னை மரியாளாகத் தோன்றினர். தங்கை மகள் ஜூலியா ஜாக்சனை எடுத்த படங்களில் வேடமேதும் இல்லை. இவர் எழுத்தாளர் வெர்ஜீனியா வுல்ஃபின் தாய்.

காப்பித் தோட்ட வருமானம் நிலையற்றிருந்ததால் படங்களை விற்றுப் பொருளீட்டவும் கேமரன் முயன்றார். 500க்கும் மேற்பட்ட படங்களுக்குக் காப்புரிமை பதிந்தார். 1865இல் தென் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவர் படங்களை வாங்கியது. 1868இல் அங்கேயே இரு அறைகளைப் படப்பிடிப்புக்கு அளித்தது. ஆயினும் செலவுக்கு ஏற்ற வருமானம் வரவில்லை.

இலங்கையில்

1875இல் கேமரன் தம்பதியர் இலங்கைக்குப் பெயர்ந்தனர். பயண மூட்டைகளுடன் இரு சவப்பெட்டிகளையும் எடுத்துச் சென்றதாகக் கூறப்படுகிறது. 1869 முதல் பரவிய இலைத்துரு நோயால் தீவின் காப்பிப் பயிர் அழிந்துவந்த காலம் அது.

இலங்கையில் எடுத்தவற்றுள் 30க்கும் குறைவான படங்களே எஞ்சியுள்ளன. களுத்துறையில் இவரைக் காண வந்த தாவர ஓவியர் மேரியான் நோர்த்தின் படங்கள் அவற்றுள் அடங்கும். மற்றவற்றில் பெரும்பாலும் ஊர் மக்களும் தோட்டத் தொழிலாளரும் காணப்படுகின்றனர். இங்கிலாந்தில் எடுத்த பணிப்பெண்களின் பெயர்களும் வாழ்க்கையும் இன்று அறியப்பட்டிருக்க, இவர்களில் பலர் பெயரின்றியே பட்டியல்களில் இடம்பெறுகின்றனர்.

1879 ஜனவரி 26 அன்று திக்கோயாப் பள்ளத்தாக்கிலுள்ள கிளென்கெய்ர்ன் தோட்டத்தில் காலமானார். பொகவந்தலாவை புனித மரியாள் தேவாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 1880இல் இறந்த கணவரின் கல்லறையும் அங்கேயே உள்ளது.

இறப்புக்குப் பின்

1874இல் எழுதத் தொடங்கி முடிக்காமல் விட்ட அவருடைய நினைவுக் குறிப்பு 1889இல் அச்சேறியது. 1926இல் வெர்ஜீனியா வுல்ஃபும் ரோஜர் ஃபிரையும் முன்னுரைகள் எழுத, அவருடைய படத்தொகுப்பு நூல் ஒன்று வெளிவந்தது. பிரெஷ்வாட்டரிலிருந்த டிம்போலா வீடு 1990களில் இடிப்பிலிருந்து மீட்கப்பட்டு அருங்காட்சியகமாக்கப்பட்டது.