மெர்ல் ஓபரான்: ஒளிக்குள் ஒளிந்த வாழ்வு

சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதின் பரிந்துரைப் பட்டியலில் ஆசிய வழித்தோன்றலான பெண் ஒருவரின் பெயர் முதன்முதலாக இடம்பெற்றது 1936ஆம் ஆண்டில். அன்று அது எவ்விதச் சிறப்புச் செய்தியாகவும் பேசப்படவில்லை. காரணம், அவர் ஆசியர் என்பதே உலகுக்குத் தெரியாது. தெரியாதவாறு பார்த்துக்கொண்டவரும் அவரே. அவர்தாம் மெர்ல் ஓபரான்.

1911 பிப்ரவரி 19 அன்று பம்பாயில் அவர் பிறந்தார். இயற்பெயர் எஸ்டெல் மெர்ல் தாம்சன். வீட்டில் அழைத்த பெயர் குவீனி. இலங்கையைப் பிறப்பிடமாகக் கொண்ட கலப்பினப் பெண்மணியான சார்லட் செல்பி அவரைத் தம் மகளாகவே வளர்த்தார். உண்மையில் சார்லட் அவருடைய பாட்டி. இளம் வயதிலேயே தாயாகிவிட்ட கான்ஸ்டன்ஸ், குழந்தைக்குத் தமக்கையாகவே அறிமுகமானார். ஆக, மறைப்பு என்பது மெர்லின் வாழ்வில் தொட்டிலிலேயே தொடங்கிவிட்டது எனலாம்.

1917இல் குடும்பம் கல்கத்தாவுக்குக் குடிபெயர்ந்தது. ஆங்கிலேயர் தம்மவராக ஏற்காத, இந்தியரும் தம்மவராகக் கருதாத ஆங்கிலோ இந்தியச் சமூகத்தின் வறுமையிலும் ஏளனத்திலும் அவர் வளர்ந்தார். நாடகமும் திரைப்படமும் அவருக்குப் புகலிடமாயின. இருபது வயது நிரம்புமுன்னரே சார்லட்டுடன் ஐரோப்பாவுக்குக் கப்பலேறினார்.

லண்டனில் சிறு வேடங்களில் தோன்றிவந்த அவரை இயக்குநர் அலெக்சாண்டர் கோர்டா இனங்கண்டார். எட்டாம் ஹென்றியைப் பற்றிய 1933ஆம் ஆண்டுத் திரைப்படத்தில் ஆன் பொலின் வேடம் அவருக்குப் புகழ் தந்தது. புகழுடன் ஒரு புதிய பிறப்பிடமும் புனையப்பட்டது: ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா. கல்கத்தாவை அறிந்தவர் கண்ணுக்கு எட்டாத தொலைவு அது.

இப்பொய்யைத் தனிமனித வஞ்சகம் என்று தள்ளிவிட இயலாது. இந்தியர் அமெரிக்கக் குடியுரிமை பெறத் தகுதியற்றவர் என அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1923இல் தீர்ப்பளித்திருந்தது. வெள்ளையரும் கறுப்பரும் காதல் கொள்வதைத் திரையில் காட்ட 1930இல் வகுக்கப்பட்ட நெறிமுறை தடைவிதித்தது. அதன் நிழல் ஆசிய நடிகையர் மீதும் படிந்தது. உண்மையைச் சொல்லியிருப்பின் கதாநாயகி வேடம் அவருக்கு எட்டாக்கனியாகியிருக்கும்.

1935இல் வெளிவந்த 'தி டார்க் ஏஞ்சல்' ஆஸ்கார் பரிந்துரையைப் பெற்றுத் தந்தது. 1939இல் 'உதரிங் ஹைட்ஸ்' வெளிவந்தது. எமிலி பிராண்டியின் அந்நாவலில், பிறப்பறியாத கருநிற அந்நியன் ஹீத்கிளிஃப். திரையிலோ அவ்வேடத்தை ஆங்கிலேயரான லாரன்ஸ் ஒலிவியர் ஏற்றார். பிறப்பை மறைத்து வாழ்ந்த மெர்லோ, வெள்ளைக் குடும்பத்து மகள் கேத்தியாக அவர் எதிரே நின்றார்.

விலை பெரிது. விருந்தினர் வரும்போது சார்லட் பணிப்பெண் எனக் கருதப்பட்டார். 1937இல் அவர் மறைந்தார். அதே ஆண்டு நேர்ந்த வாகன விபத்து மெர்லின் முகத்தில் தழும்புகளை விட்டுச்சென்றது. பின்னர் அவரை மணந்த ஒளிப்பதிவாளர் லூசியன் பல்லார்ட், அத்தழும்புகள் தெரியாதிருக்கக் கேமராவின் அருகே பொருத்தும் விளக்கொன்றை அமைத்தார். 1949இல் சார்லட்டின் உருவப்படத்தை வரையச் செய்த மெர்ல், நிறத்தை வெளுப்பாகத் தீட்டுமாறு பணித்தார். தாயாகப் போற்றியவரை மறக்கவும் இயலவில்லை. உள்ளவாறு காட்டவும் துணிவில்லை.

1978இல் டாஸ்மேனியாவின் ஹோபார்ட் நகரம், தன் மகளென நம்பி அவருக்கு வரவேற்பளித்தது. மறு ஆண்டு நவம்பர் 23 அன்று கலிபோர்னியாவில் அவர் காலமானார். 1983இல் வெளியான வாழ்க்கை வரலாற்று நூல் அவருடைய பிறப்பின் உண்மையை உலகறியச் செய்தது.

2023இல் மலேசியாவில் பிறந்த மிஷல் யோ, சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதை வென்றார். அப்பட்டியலில் அவருக்கு முன்னோடி யார் என்ற வினா எழுந்தபோது, மெர்லின் பெயர் மீண்டும் ஒலித்தது. தாம் யாரென்று அறிவித்து மேடையேறும் உரிமை இவருக்கு வாய்த்தது. அவ்வுரிமையின்றியே அங்குச் சென்றடைந்தவர் மெர்ல். அவருடைய வெற்றியை எண்ணும்போது, வரவேற்பறையில் பணிப்பெண்ணாக நின்ற அந்த மூதாட்டியையும் சேர்த்தே எண்ணுதல் வேண்டும்.