மகளைக் கொடுத்தான், மகுடத்தைக் கொடுக்கவில்லை



சில ஆண்டுகளுக்கு முன் வலப்பனைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து ஒரு தந்தை என்னைக் காண வந்தார். ஞாயிறு திருப்பலி முடிந்து மக்கள் கலைந்து போன பின்னரும் அவர் மட்டும் ஆலய வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்றார். மகளுக்கு வரன் பேசி முடித்துவிட்டாராம். திருமண ஓலை எழுதித் தரும்படி கேட்டார். மாப்பிள்ளை எப்படிப்பட்டவர் என்று வினவினேன். கொஞ்சம் முரட்டுப் பேர்வழிதான், ஆனால் நாலு பேர் அவனைக் கண்டால் அஞ்சி ஒதுங்குவார்கள். அவன் வீட்டில் வாழப் போகும் என் பிள்ளையை இனி ஒருவரும் ஏறெடுத்துப் பார்க்கத் துணியமாட்டார்கள் என்று மிகுந்த நிம்மதியோடு சொன்னார். அந்த நிம்மதி என்னைக் கலங்க வைத்தது. அன்றிரவு என் நினைவுக்கு வந்தவன் நம் இலங்கைத் தீவை ஆண்ட ஒரு மன்னன். பாடசாலை வரலாற்று நூலில் நீங்கள் யாவரும் படித்த பெயர்தான்: கோட்டையை ஆண்ட ஏழாம் புவனேகபாகு.

அவனுடைய அரசு தொடங்கிய விதமே துயரமானது. 1521ஆம் ஆண்டில் ஆறாம் விஜயபாகு மன்னன் தன் மூத்த மைந்தர் மூவரையும் ஒதுக்கிவிட்டு, மற்றொரு மனைவியின் வழிவந்த இளவரசனுக்கு முடிசூட்ட எண்ணினான் என்பது வரலாறு. மூவரும் கூடிச் சதி செய்தனர். தந்தை அரண்மனையிலேயே கொலையுண்டான். சிங்கள மக்கள் இன்றும் அதனை விஜயபா கொள்ளை என்றே அழைக்கின்றனர். நாடு மூன்றாகப் பங்கிடப்பட்டது. மூத்தவனாகிய புவனேகபாகுவுக்குக் கோட்டையும், நடுவனுக்கு ரைகமவும், இளையவனாகிய மாயாதுன்னைக்குச் சீதாவாக்கையும் கிடைத்தன. தந்தையின் இரத்தத்தின் மேல் எழுப்பிய அரசில் அண்ணன் தம்பியர் ஒருவரை ஒருவர் நம்புவது எப்படி? நடுவன் 1538இல் இறந்ததும் ரைகமவை மாயாதுன்னை விழுங்கினான். அடுத்து அவன் கண் கோட்டையின் மேல்.

மாயாதுன்னை கள்ளிக்கோட்டைச் சாமுத்திரியின் துணையை நாடினான். புவனேகபாகு போர்த்துக்கேயரின் பீரங்கிகளை நம்பினான். 1538இல் நம் தமிழகக் கரையில், இராமநாதபுரத்துக் கடலோரத்து வேதாளையில், மார்ட்டின் அபோன்சோ டி சூசா சாமுத்திரியின் கடற்படையை முறியடித்தபோது கோட்டை மன்னன் சற்றே மூச்சு விட்டிருப்பான். ஆனால் கடலுக்கு அப்பாலிருந்து வரும் துணை காற்றுக் காலத்தைப் பார்த்தல்லவா வரும்! அரண்மனைக்கு உள்ளேயே ஒரு வாள் வேண்டியிருந்தது.

அந்த வாள்தான் வீதிய பண்டார.

மன்னனுக்கு அரியணை ஏறத் தக்க ஆண்மகவு பட்டத்தரசியிடம் இல்லை. சமுத்திரா தேவி என்னும் மகள் இருந்தாள். அவளை வீதிய பண்டாரவுக்கு மணமுடித்துக் கொடுத்தான். அக்காலத்து ஈழத்தில் அவனுக்கு நிகரான போர்வீரர் வெகு சிலரே. அவனுடைய துணிவைப் பற்றிச் சிங்கள நூல்களும் போர்த்துக்கேய நூல்களும் ஒருமித்துப் பேசுகின்றன. அடங்காத சினத்தைப் பற்றியும் அவ்வாறே. தம்பியின் படையை எதிர்க்க இவனை விட்டால் ஆளில்லை என்று மன்னன் கணக்கிட்டிருக்க வேண்டும். கணக்கு என்ற அளவில் அதில் பிழை காண முடியாது.

அன்பார்ந்தவர்களே, இவ்விடத்தில் சற்று நில்லுங்கள். தனக்குப் பின் கோட்டையை ஆள்பவன் யார் என்ற கேள்வி எழுந்தபோது புவனேகபாகு என்ன செய்தான் தெரியுமா? மருமகனை அரசனாக்கவில்லை. மகள் வயிற்றுப் பேரனாகிய தர்மபாலன் என்னும் சிறு குழந்தையைத் தெரிந்துகொண்டான். அக்குழந்தையின் பொன்னுருவம் ஒன்றைச் செய்வித்து, தூதர் கையில் கொடுத்து லிஸ்பனுக்கு அனுப்பினான். 1543இல் போர்த்துக்கல் மன்னன் மூன்றாம் ஜோன் அந்த உருவத்துக்குத் தன் கையால் முடிசூட்டினான். அந்நிகழ்ச்சியைச் செதுக்கிய இலங்கைத் தந்தப்பேழை ஒன்று இன்றும் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பாதுகாக்கப்படுகிறது. குழந்தைக்கு முடி, குழந்தையின் தந்தைக்கு இல்லை. அரச குல வழக்கு அப்படி, உரிமை மகளின் வழியே இறங்கியது என்று சிலர் விளக்கம் கூறலாம். இருக்கட்டும். ஆனாலும் என் மனம் வேறொன்றையும் எண்ணுகிறது: இவன் கையில் நாட்டைக் கொடுப்பது ஆபத்து என்று அம்மன்னன் நன்றாகவே அறிந்திருந்தான். நாட்டை ஒப்படைக்க அஞ்சிய அதே கையில்தான் மகளை ஒப்படைத்திருந்தான்.

சமுத்திரா தேவியிடம் யாராவது கேட்டார்களா? நூல்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவள் யாருடைய மகள், யாருடைய மனைவி, யாருடைய தாய் என்பது மட்டும் எழுதப்பட்டிருக்கிறது.

1551ஆம் ஆண்டளவில் களனி அரண்மனையின் சாளரத்தருகே நின்ற புவனேகபாகுவின் மேல் குண்டு பாய்ந்தது. சுட்டவன் அவன் நம்பியிருந்த போர்த்துக்கேயரின் படையைச் சேர்ந்தவன். தவறுதலாகப் பாய்ந்த குண்டு என்றனர். நம்பினவர் அன்றும் குறைவு. அவ்வாண்டிலேயே கோவாவிலிருந்து வந்த அரசப் பிரதிநிதி அபோன்சோ டி நொரோஞ்ஞா, இறந்த மன்னனின் கருவூலத்தைத் தேடி அரண்மனையைச் சூறையாடினான். கத்தோலிக்க நாட்டின் பெயரால் நிகழ்ந்த அந்தக் கொள்ளையை நாம் மூடி மறைக்க வேண்டியதில்லை. 1543இல் இங்கு வந்திறங்கிய பிரான்சிஸ்கன் துறவியரின் உழைப்புக்கு அவமானம் தேடித் தந்தவர்கள் அத்தகையவர்களே. புவனேகபாகு அத்துறவியரை ஏற்று இடமளித்தான். ஆனால் திருமுழுக்குப் பெறாமலே இறந்தான்.

மாமன் மறைந்தபின் மருமகனைத் தடுப்பாரில்லை. சிறுவன் தர்மபாலனின் பெயரால் வீதிய பண்டார அதிகாரம் செலுத்தினான். போர்த்துக்கேயர் அவனைப் பிடித்துக் கொழும்பில் சிறை வைத்தனர். அப்போது அவனை விடுவித்தவள் சமுத்திரா தேவியே என்றும், சிறைக்குள் சுரங்கம் தோண்டுவித்து அவனை வெளியே கொண்டுவந்தாள் என்றும் மரபு கூறுகிறது. கணவன் என்ற கடமையோ, அன்போ, அச்சமோ, அவள் உள்ளத்தில் இருந்தது எது என்று யார் சொல்வது? கொடியவனோடு வாழும் பெண்களை ஆன்ம குருவாக நான் சந்தித்திருக்கிறேன். அவர்களே அவனுக்காகப் பிணை தேடி அலைவதையும் கண்டிருக்கிறேன். வெளியே நிற்கும் நாம் அவர்களை எளிதில் ஏளனம் செய்கிறோம்.

வெளியே வந்தவன் நெருப்பாய் வந்தான். மேற்குக் கரையோரத்து ஆலயங்கள் அழிக்கப்பட்டன. புதிதாகத் திருமுழுக்குப் பெற்றிருந்த ஏழை மீனவ மக்கள் துன்புற்றனர்.

இனி நான் சொல்லப்போவதைக் கேளுங்கள். மருமகனாக இவனை ஏற்ற தந்தை புவனேகபாகு ஒருவனல்லன். மாயாதுன்னையும் பின்னர் தன் மகளை இதே வீதிய பண்டாரவுக்குக் கொடுத்தான்! அண்ணனாவது அறியாமல் கொடுத்தான் எனலாம். இவனோ பல ஆண்டுகள் எதிர்முனையில் நின்று அவனோடு போரிட்டவன். அவனுடைய வாளின் கூர்மையையும் மனத்தின் கொடுமையையும் தன் போர்வீரரின் பிணங்களில் கண்டவன். போர்த்துக்கேயருக்கு எதிராக அவன் தோள் தேவைப்பட்டது. ஆகவே மகள் போனாள். அவள் அங்கே கொடுமைப்படுத்தப்பட்டாள் என்று சிங்கள வரலாற்று மரபு கூறுகிறது. உறவு பகையாயிற்று. 1555இல் மாயாதுன்னை தன் வாழ்நாள் பகைவராகிய போர்த்துக்கேயரோடு கைகோத்து மருமகனைப் பெலெந்தையிலிருந்து துரத்தினான். ஓடியவன் இறுதியில் யாழ்ப்பாணத்தில் சங்கிலி மன்னனிடம் அடைக்கலம் புகுந்தான். 1544இல் மன்னாரில் நம் மறைசாட்சிகளைக் கொன்ற அதே சங்கிலிதான். நல்லூரில் எழுந்த கலகமொன்றில் வீதிய பண்டார கொல்லப்பட்டான்.

விவிலியத்திலும் இத்தகைய தந்தையர் உண்டு. சவுல் மன்னன் தன் மகள் மீக்காலைத் தாவீதுக்குக் கொடுக்க முன்வந்தது அன்பினாலன்று. அவளைக் கண்ணியாக்கி அவனைப் பெலிஸ்தியர் கையில் விழச்செய்யவே. ஆனால் தோபித்து நூலில் வரும் இரகுவேலைப் பாருங்கள். அவருடைய மகள் சாராவை மணந்த எழுவர் முதலிரவிலேயே மாண்டனர். எட்டாவதாகத் தோபியா பெண் கேட்டபோது, அந்தத் தந்தை நடந்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டார். சொல்லியும் இளைஞன் உறுதியாய் நின்றான். திருமண இரவில் இரகுவேல் எழுந்து போய் ஒரு குழி தோண்டி வைத்தார். மருமகன் உயிரோடிருப்பதை அறிந்ததும், விடியுமுன் அதனை மூடச் செய்தார். அஞ்சி நடுங்கிய தந்தைதான்; எனினும் உண்மையை மறைத்தவரல்லர். நம் வீடுகளில் வரன் பேசும்போது எத்தனை உண்மைகள் தேநீர்க் கோப்பையின் அடியில் மறைகின்றன! பையன் கசிப்புக் குடிக்கிறான் என்பதும், முன்பு ஒருத்தியை அடித்து விரட்டினான் என்பதும் லயம் முழுவதற்கும் தெரியும். பெண் வீட்டாருக்கு மட்டும் தெரியாது.

மூன்று ஞாயிறுகளில் ஓலை வாசிப்பது எதற்கென்று நினைக்கிறீர்கள்? 1215ஆம் ஆண்டின் நான்காம் லாத்தரன் பொதுச்சங்கம் இவ்வழக்கத்தை உலகத் திருச்சபை முழுவதற்கும் விதித்தது, தடைகளை அறிந்தவர் வாய் திறக்க வேண்டும் என்பதற்காகவே. அண்டை வீட்டான் பகையாவானே என்று வாளாவிருப்பவர்கள் சிந்திக்க வேண்டும். சம்மதம் பற்றியும் ஒரு சொல். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே. தந்தையின் சம்மதம் அன்று. 1563இல் திரெந்துப் பொதுச்சங்கம் இதனை உறுதிசெய்தது. வன்முறையாலோ பேரச்சத்தாலோ பெறப்பட்ட சம்மதம் செல்லாது என்பது இன்றைய திருச்சபைச் சட்டம். தந்தையின் அதட்டலுக்கு அஞ்சித் தலையசைக்கும் பெண் பீடத்தின் முன் நின்றாலும், அவள் சொல்லும் சொல்லில் உயிரிருக்காது.

தர்மபாலன் என்னவானான் என்று கேட்பீர்கள். 1557இல் அவன் திருமுழுக்குப் பெற்று டொன் ஜுவான் ஆனான்; இத்தீவின் முதல் கத்தோலிக்க மன்னர்களில் ஒருவன். 1565இல் கோட்டை நகரைக் கைவிட்டுக் கொழும்புக் கோட்டைக்குள் குடிபுகுந்தான். பகைவர் ஊட்டிய நஞ்சினால் பற்களை இழந்தான், பேச்சும் குழறியது. 1580இல் தன் நாட்டைப் போர்த்துக்கல் முடிக்கு எழுதிக் கொடுத்தான். 1597 மே 27ஆம் நாள் பிள்ளையின்றி இறந்து, பிரான்சிஸ்கன் துறவியரின் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டான். பாட்டன் ஒரு வாளை வீட்டுக்குள் கொண்டுவந்தது எதைக் காக்கவோ, அது இவன் கையால் எழுதிக் கொடுக்கப்பட்டது. எல்லாம் அந்த ஒரு திருமணத்தால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். வரலாறு அவ்வளவு எளிதன்று.

என் வாசலில் நின்ற தந்தையிடம் இக்கதையைச் சுருக்கமாகச் சொன்னேன். மகளிடம் கேட்டீர்களா என்றும் கேட்டேன். பிள்ளை என் சொல்லைத் தட்டமாட்டாள் என்றார். மகளையும் தனியே அழைத்துப் பேசினேன். அவள் நிமிர்ந்து பார்த்து, அப்பா சொன்னது சம்மதம் என்றாள். ஓலை மூன்று முறையும் வாசிக்கப்பட்டது. ஒருவரும் எதுவும் சொல்லவில்லை. நானே ஆசி வழங்கினேன். அந்தப் பொறுப்பில் எனக்கும் பங்குண்டு என்பதை மறைக்கவில்லை.

இரண்டு ஆண்டு கழித்து ஒரு மாரி இரவில் அவள் கைக்குழந்தையோடு, உதடு கிழிந்த நிலையில், பெற்றோரின் லயத்துக் கதவைத் தட்டினாள். அயலார் விளக்கேற்றி எட்டிப் பார்த்தனர். கட்டிக் கொடுத்த பெண் திரும்பி வந்தால் என்ன பேசுவார்கள் என்பதை மலையகத்தார்க்கு நான் சொல்லத் தேவையில்லை. மறுநாள் அந்தத் தந்தை என்னிடம் வந்து, அவளைத் திருப்பி அனுப்பாவிட்டால் பாவமாகுமா என்று கேட்டார். உடலுக்கோ ஆன்மாவுக்கோ பேராபத்து விளைவிக்கும் துணையை விட்டுப் பிரிந்து வாழத் திருச்சபைச் சட்டமே இடமளிக்கிறது என்றும், இந்நாட்டில் 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை பெறலாம் என்றும் விளக்கினேன். அவர் தலை குனிந்து நெடுநேரம் இருந்தார். பிறகு, இரவு கதவைத் திறந்தவுடன் தாம் முதலில் செய்தது குழந்தையை வாங்கிக்கொண்டதுதான் என்றும், மகள் படுத்துறங்கும் வரை வாசற்படியில் கத்தியோடு உட்கார்ந்திருந்ததாகவும் சொன்னார். கத்தி வேண்டாம் என்று மட்டும் நான் சொன்னேன்.

இருவரும் அன்றே நகரத்துக்குப் பேருந்து ஏறினார்கள். குழந்தை தாத்தாவின் தோளில் இருந்தது.