தங்கையைப் பறித்த மலக்குடல் புற்றுநோய்: முத்துலட்சுமி ரெட்டி அடையாறில் மருத்துவமனை கேட்டது ஏன்? இன்று எம்.ஆர்.ஐ. என்ன காட்டுகிறது?

கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி மூர் மார்க்கெட்டில் இறங்குகிறவர்கள், எதிரே இருக்கும் அந்தக் கட்டடங்களைப் பார்க்காமலேயே ஆபீஸுக்கு ஓடிவிடுகிறோம். சாலையைத் தாண்டினால் சென்னை மருத்துவக் கல்லூரி. 1907-ல் அந்த வாசலுக்குள் நுழைந்த ஒரு புதுக்கோட்டைப் பெண்தான் பின்னாளில் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. தேவதாசி ஒழிப்பு, அவ்வை இல்லம் என்று பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். அவர் புற்றுநோய்ப் பக்கம் ஏன் வந்தார் என்பதைப் பாடம் அதிகம் சொல்வதில்லை. அதற்குக் காரணம் அவரது சொந்த வீட்டில் நடந்த ஒரு சாவு.

1886 ஜூலை 30-ல் பிறந்தார். அப்பா நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர். அம்மா சந்திரம்மாள் இசை வேளாளர் சமூகம். வயதுக்கு வந்ததும் பள்ளிப் படிப்பு நின்று, வீட்டிலேயே பாடம் தொடர்ந்தது. பையன்கள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் இவரைச் சேர்க்க எதிர்ப்பு வந்தபோது, புதுக்கோட்டை மன்னர் அனுமதி கொடுத்தார். 1912-ல் டாக்டர். 1914-ல் டாக்டர் சுந்தர ரெட்டியுடன் திருமணம்.

1920-களின் தொடக்கத்தில் தங்கைக்கு உடம்பு சரியில்லாமல் போனது. சீதபேதி என்று நினைத்து அதற்கான வைத்தியம் நடந்தது. உண்மையில் அது மலக்குடல் புற்றுநோய். தெரிய வந்தபோது எல்லாம் கைமீறிவிட்டது. அக்கா டாக்டராக இருந்தும் தங்கையைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தக் குழப்பம் எப்படி வந்தது? இரண்டிலும் ரத்தம் போகும், சளி போகும், போய்விட்டு வந்த பிறகும் இன்னும் வருவது போலவே இருக்கும். இன்றைக்கு அந்த இடத்தில் மூலம் வந்து உட்கார்ந்துவிட்டது, அவ்வளவுதான். ரத்தம் வந்தால் கூச்சப்பட்டு மெடிக்கலில் ஆயின்மென்ட் வாங்கிப் போட்டு மாதக்கணக்கில் தள்ளுகிறோம். கீழ்ப்பகுதியில் இருக்கும் கட்டி பல நேரம் டாக்டரின் விரல் பரிசோதனையிலேயே தட்டுப்படும். உறுதி செய்வது கொலனோஸ்கோப்பியும் பயாப்ஸியும்.

1925-ல் மேல்பயிற்சிக்காக லண்டன் போன முத்துலட்சுமி, அங்கிருந்த ராயல் கேன்சர் ஹாஸ்பிட்டலைப் பார்த்தார். புற்றுநோய்க்கென்றே தனி மருத்துவமனை! சென்னைக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது. ஆனால் அதற்குப் பல வருஷம் பிடித்தது. இடையில் சட்டசபைத் துணைத் தலைவர் பதவி, காந்தி கைதானதும் 1930-ல் ராஜினாமா, தேவதாசி முறைக்கு எதிரான நீண்ட போராட்டம் (சட்டம் வந்தது 1947-ல்தான்). 1935-ல் மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய் மருத்துவமனை ஆசையை வெளிப்படையாகச் சொன்னார். புற்றுநோய் வந்தால் எப்படியும் சாவுதான், ஆஸ்பத்திரி எதற்கு என்ற மனநிலை அப்போது அரசு மட்டத்திலேயே இருந்தது. கடைசியில் இந்திய மாதர் சங்கம் வழியாக நிதி திரட்டினார். 1952-ல் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ல் 12 படுக்கைகளோடு மருத்துவமனை திறந்தது. மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தி அதை நடத்த, 1955-ல் டாக்டர் வி. சாந்தா வந்து சேர்ந்தார்.

முத்துலட்சுமி 1968-ல் காலமானார். மனித உடலின் முதல் எம்.ஆர்.ஐ. படம் எடுக்கப்பட்டது 1977-ல். தங்கையின் உடலுக்குள் அன்று யாராலும் பார்க்க முடியாததை இந்தக் கருவி காட்டுகிறது.

மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்புப் படலம், அதைப் போர்த்தினாற்போல மெல்லிய உறை. எம்.ஆர்.ஐ.யில் கொழுப்பு வெளிச்சமாகவும், கட்டி சாம்பல் நிறமாகவும், உறை மெல்லிய கறுப்புக் கோடாகவும் தெரியும். டாக்டர்கள் அளப்பது கட்டிக்கும் அந்தக் கோட்டுக்கும் உள்ள தூரத்தை. 1 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவோ என்றால், நேராக அறுவை செய்தால் நோய் மிச்சம் விழலாம். அதனால் முதலில் கதிர்வீச்சும் கீமோவும் கொடுத்துக் கட்டியைச் சுருக்குவார்கள். கட்டி வெளி ரத்தக்குழாய்க்குள் ஊர்ந்திருந்தால், வேறு உறுப்புக்குப் பரவும் ஆபத்து அதிகம்.

இந்த அளவீட்டை நம்பலாம் என்று காட்டிய ஐரோப்பிய ஆய்வு மெர்குரி. 408 நோயாளிகள், முடிவு வெளியானது 2006-ல். அதில் முக்கியப் பங்கு வகித்த ரேடியாலஜிஸ்ட் ஜீனா பிரவுன் வேலை பார்த்தது லண்டன் ராயல் மார்ஸ்டனில். முத்துலட்சுமி பார்த்த அதே ராயல் கேன்சர் ஹாஸ்பிட்டல்தான் அது, 1954-ல் பெயர் மாறியது.

சிகிச்சை முடிந்து சில வாரம் கழித்து இரண்டாவது ஸ்கேன். கட்டி இருந்த இடம் கறுத்த தழும்பாக மாறியிருந்தால் மருந்து வேலை செய்திருக்கிறது என்று அர்த்தம். இதை 1 முதல் 5 வரை மதிப்பிடுவார்கள், 1 என்றால் மிக நல்ல பலன். கட்டி முழுசாக மறைந்த சிலருக்கு அறுவையைத் தள்ளிவைத்து, எண்டோஸ்கோப்பியும் எம்.ஆர்.ஐ.யும் எடுத்துக் கண்காணிக்கிறார்கள். வயிற்றில் நிரந்தரமாகப் பை மாட்டிக்கொள்ளும் நிலை அவர்களுக்குத் தவிரலாம். ஆனால் தழும்புக்குள் ஒளிந்திருக்கும் துளி நோயை எம்.ஆர்.ஐ. சில நேரம் தவறவிடும். அதனால்தான் விரல் பரிசோதனை இன்றும் போகவில்லை.

வீட்டில் யாருக்காவது இந்த ரிப்போர்ட் வந்தால், சி.ஆர்.எம். என்பது அந்த உறைக்கு உள்ள தூரம், இ.எம்.வி.ஐ. என்பது ரத்தக்குழாய்ப் பரவல். இரண்டும் என்ன என்று டாக்டரிடம் கேட்டுக்கொள்ளலாம்.